கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்தும் ‘தி ஃபால்’ ஏன் பதற வைக்கிறது?

ஒருவரை அவர் அறியாமலோ விரும்பாமலோ விடாமல் பின்தொடர்ந்து, அவர் நடமாட்டத்தை வேவு பார்ப்பவரை ‘ஸ்டாக்கர்’ என்கிறோம். 2013இல் தொடங்கிய இந்தத் தொடரின் பால் ஸ்பெக்டர் (நடித்தவர் ஜேமி டோர்னன்) அப்படிப்பட்டவன். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், துக்கத்தில் இருப்போருக்கு ஆறுதல் சொல்லும் ஆலோசகர் வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள். மறுபக்கம், தனியாக வாழும் பெண்களைக் கண்காணித்து, அவர்கள் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து, பிறகு கொல்கிறான்.

முதல் அத்தியாயத்திலேயே அவன் முகத்தைக் காட்டிவிடுவதால் ‘யார்?’ என்ற கேள்வியே இல்லை. ‘அவனைத் தேடும் காவல்துறை அதிகாரி ஸ்டெல்லா கிப்சன் எப்போது பிடிப்பார், அதற்குள் யாருக்கு ஆபத்து?’ என்பதுதான் நம்மை அலைக்கழிக்கிறது. கட்டிலுக்கடியில் பாம்பு நுழைந்ததை நாம் பார்த்துவிட்டோம், அதில் படுத்திருப்பவர் பார்க்கவில்லை. அந்தத் தவிப்புதான் இது. மகளைக் கொஞ்சும் அதே கைகள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் நடுங்குகிறது. தொடரின் உண்மையான பலம் அந்த இரட்டை வாழ்க்கைதான்.

இப்படிப் பின்தொடர்வதை மிதமிஞ்சிய காதல் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பெக்டருக்கு அந்தப் பெண்கள்மேல் காதலே கிடையாது, அவன் தேடுவது அவர்கள் மீதான முழு ஆதிக்கம்.