வளாகத்துப் பறவைகள்: கேள்வி பதில்

எந்த பைனாகுலர் வாங்கலாம்?
8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், கிளைக்குள் தாவும் சிட்டைப் பிடிக்க முடியாது.

வல்லூறு மாதிரி ஒன்று. ஆனால் அலகு கொக்கியாக இல்லை?
அக்காக்குயில். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்ததா என்று பாருங்கள். பறக்கும் விதத்திலும் வல்லூறு போலவே இருப்பதால் சின்னப் பறவைகள் அதைக் கண்டும் அலறும்.

ஆறுமணிக்குருவியை எங்கே தேடுவது?
தேடி அலையாதீர்கள். குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது. அடர்ந்த நிழலில், சருகு கனமாகக் கிடக்கும் இடத்தில் அசையாமல் உட்காருங்கள். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசில் கேட்கும். தரையில் தத்தித் தத்தி இலைகளைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். சருகைக் கூட்டி எரித்துவிட்ட தோப்பில் அதற்கு இரையே இல்லை. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்.

சருகை அப்படியே விட்டால் பாம்பு வராதா? பிள்ளைகள் நடக்கிற இடம்.
நடைபாதையையும் அதன் ஓரத்தையும் கூட்டுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. மரத்தடியை விடுங்கள். எலி இருக்கிற இடத்துக்குச் சாரையும் நாகமும் வரும். எலியைச் சேர்ப்பது உணவுக் கழிவு. முதலில் விடுதிச் சமையலறையின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

கோடையில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு?
நியாயமான கவலை. கட்டடத்தை ஒட்டியும் சாலையோரத்திலும் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றியதைக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதுதான் நெருப்பு பரவ வழி. அதை மட்கவிட்டு மரத்துக்கே போடலாம். சருகு மூடிய மண் ஈரம் காக்கும், அந்த ஈரத்தில்தான் மண்புழு, அதை நம்பித்தான் தரையில் மேயும் பறவைகள். ‘அசிங்கமாக இருக்கிறது’ என்ற காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

என் பட்ஜெட்டுக்கு எந்த பைனாகுலர்?
முதல் பதிலைப் பாருங்கள்.

கறுப்புக் குயிலும் புள்ளிக் குயிலும் வேறு வேறா?
ஒன்றுதான். கறுப்பு ஆண், புள்ளி பெண்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கலாமா?
வேண்டாம். இறகு முளைத்திருந்தால் பறக்கப் பழகுகிற குஞ்சு. பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

நூலகக் கண்ணாடியில் பறவைகள் மோதுகின்றன. பருந்துப் படம் ஒட்டினோம், பயனில்லை.
ஒரு படம் போதாது. கண்ணாடி முழுக்க, வெளிப்பக்கத்தில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி ஒட்டுங்கள்.

செயலியில் குரல் போட்டால் மரங்கொத்தி பக்கத்தில் வருமா?
வரும், அதனால்தான் கூடாது என்கிறேன். எதிரி நுழைந்துவிட்டதென்று இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். அந்தச் செயலியைக் குரல் அறிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன மரம் நடலாம்?
தாவரவியல் துறையில் கேளுங்கள். பட்டுப்போன மரம் பாதையை விட்டுத் தள்ளி நின்றால் வெட்டவேண்டாம். அதில்தான் குக்குறுவானும் மரங்கொத்தியும் பொந்து குடையும், அவை விட்டுப்போன பொந்தில் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும்.