வெள்ளி கறுத்தால் போலி என்று அர்த்தமில்லை

அம்மா சீராகக் கொடுத்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் பீரோவில் வைத்தபடியே கறுத்துவிட்டது, புகுந்த வீட்டில் "போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நல்ல வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டு மேலே வெள்ளி சல்பைடு படிகிறது, அதுதான் அந்தக் கறுப்பு. மூடி கழலாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன் என்றீர்களே, ரப்பரிலும் கந்தகம் உண்டு. எங்கள் வீட்டு வெள்ளித் தட்டு ஒன்றில் ரப்பர் பேண்ட் இருந்த இடம் மட்டும் மையால் கோடு இழுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சிமிழை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விட, கறுப்பு மறுபடி வெள்ளியாகிறது. கல் பதித்திருந்தால் மட்டும் இது வேண்டாம்; விபூதி தொட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

சிமிழின் கறுப்பு பத்து நிமிஷத்தில் போய்விடும். அம்மா பேரில் விழுந்த கறையைப் பேசித் தீர்க்க முடியாது, அதற்கு ஆதாரம் வேண்டும். அடியில் 925 (அதாவது 92.5 சதவீதம் வெள்ளி) போன்ற தர எண்ணோடு ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தரம் பார்க்கும் மையத்தில் கொடுத்துச் சோதித்து, அந்தச் சீட்டை உங்கள் மாமியார் கையிலேயே கொடுங்கள்.