வணிகப் படிப்புக்குச் சின்னக் கல்லூரி: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

மகள் பிசினஸ் படிக்க ஆசைப்படுகிறாள். கூச்ச சுபாவம். பெரிய பல்கலைக்கழகம்தான் மதிப்பு என்கிறார் என் கணவர். சின்னக் கல்லூரியில் சேர்க்கலாமா?

கூச்சப்படும் பிள்ளைக்குச் சின்னக் கல்லூரி வசதி என்பார்கள். அது பாதிதான் சரி. 25 பேர் வகுப்பில் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை எடுத்து அலசும் கேஸ் ஸ்டடி விவாதம் என்றால் வாயைத் திறந்தே ஆகவேண்டும். முதல் செமஸ்டர் அவளுக்குச் சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. ஆசிரியருக்கு அவளைத் தெரிந்திருக்கும்; பிறகு இன்டர்ன்ஷிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டால் எழுத அவரிடம் விஷயம் இருக்கும்.

ஆசிரியர்-மாணவர் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1:12 என்று போட்டிருக்கும் இடத்திலும் முதலாண்டு அக்கவுன்டிங் வகுப்பில் 70 பேர் உட்கார்ந்திருக்கலாம். கடைசி ஆண்டில் எட்டுப் பேருக்குப் பாடம் எடுப்பவரும் அந்த விகிதக் கணக்கில் சேர்த்திதான். முதலாண்டு அக்கவுன்டிங்கும் புள்ளியியலும் எடுப்பது யார், வகுப்புக்கு எத்தனை பேர் என்று நேரடியாகக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், கடந்த இரண்டு ஆண்டுகளின் வகுப்பு அட்டவணை. கையேட்டில் இருபது விருப்பப் பாடங்கள் அச்சாகியிருக்கும். ஆள் சேராவிட்டால் சின்னக் கல்லூரியில் பாடம் நடக்காது. சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும். மகளுக்கு மார்க்கெட்டிங்கில் ஆர்வம் என்றால், அந்தப் பாடங்களில் எத்தனை உண்மையில் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். அட்டவணையைக் காட்டத் தயங்கும் கல்லூரி எனக்குப் பிடிப்பதில்லை.

ஒரு கல்லூரி '90 சதவீத வேலைவாய்ப்பு' என்கிறது. நம்பலாமா?

எதில் 90 சதவீதம் என்று கேளுங்கள். 60 பேர் படித்து முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பதிவு செய்தவர்கள் 40 பேர். வேலை கிடைத்தது 36 பேருக்கு. 40-க்கு 36 என்றால் 90 சதவீதம், 60-க்கு 36 என்றால் 60 சதவீதம். இரண்டுமே பொய்யில்லை. விளம்பரத்தில் எது ஏறும் என்று சொல்லவேண்டியதில்லை. பதிவு செய்யாதவர்களில் மேற்படிப்புக்குப் போனவர்களும் இருப்பார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சராசரிச் சம்பளமும் இதே ரகம்தான். பத்துப் பேரில் ஒன்பது பேரின் சம்பளம் ஆளுக்கு 4, ஒருவருடையது மட்டும் 24 என்று வைத்துக்கொண்டால் சராசரி 6. அந்த 6-ஐ வாங்குபவர் யாருமே இல்லை! சின்ன வகுப்பில் ஒரே ஒருவரின் சம்பளம் மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். அதனால் நடுமதிப்பு, அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, என்ன என்று கேளுங்கள். கூடவே, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில், என்ன பொறுப்பில் சேர்ந்தார்கள் என்ற பட்டியலையும் கேளுங்கள். சின்னக் கல்லூரிக்கு அது ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் பட்டியல்.

ஏஏசிஎஸ்பி அங்கீகாரம் இல்லாத கல்லூரியை ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம். வணிகக் கல்வி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏஏசிஎஸ்பி (AACSB), 1916-இல் தொடங்கியது; மதிப்பு மிக்கதுதான். ஆனால் ஆசிரியர்களின் ஆய்வுப் பணிகளையும் அது எடைபோடுகிறது. அதன் அங்கீகாரத்தைப் பெறுவதற்கு ஆகும் காலமும் செலவும் சின்னக் கல்லூரிக்குப் பாரம். 1988-இல் வந்த இன்னொரு அங்கீகார அமைப்பான ஏசிபிஎஸ்பி (ACBSP), கற்பித்தலுக்கு அதிக அழுத்தம் தருகிறது. சின்னக் கல்லூரிகள் பல அதை நாடுகின்றன. இவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பட்டத்துக்கு அந்நாட்டு அரசின் அல்லது உரிய அமைப்பின் அங்கீகாரம் இல்லையென்றால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மகனுக்குப் பிடித்த கல்லூரியில் பிசினஸ் பட்டமே இல்லை, பொருளாதாரம்தான் இருக்கிறது. சேர்க்கலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற பெயர்பெற்ற சின்னக் கல்லூரிகளிலும் பிசினஸ் தனிப் பட்டமாக இல்லை. பொருளாதாரம் படித்துவிட்டே பலர் நிதித் துறைக்குப் போகிறார்கள். அக்கவுன்டிங் ஒன்றிரண்டு தாளாவது அங்கே படிக்க முடியுமா என்று பாருங்கள்.

ஆடிட்டர் ஆகவேண்டும் என்பவனுக்கு இந்த பதில் பொருந்தாது. அந்தத் தொழிலுக்குக் குறிப்பிட்ட பாடங்கள் தேவைப்படும். அந்தத் தொழிலுக்கான தேர்வில் சில தாள்களுக்குக் கிடைக்கும் விலக்குகளும் சேரும் பட்டப்படிப்பைப் பொறுத்தவை. சேரும் முன்பே அந்தத் தொழில் அமைப்பின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். கல்லூரி அலுவலகத்தின் வாய்வார்த்தை போதாது.

பையன் சொந்தத் தொழில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கல்லூரி எதற்கு?

தொழில்முனைவைப் பாடமாக மட்டும் நடத்தும் கல்லூரி என்றால் அவன் கேள்வி நியாயம். 1919-இல் அமெரிக்காவில் தொடங்கிய பாப்சன் கல்லூரி, முதலாண்டு மாணவர்களுக்குக் கடன் கொடுத்துக் குழுவாகத் தொழில் நடத்தவைத்துப் பெயர் வாங்கியது. நீங்கள் பார்க்கும் கல்லூரியில், மாணவர் கையில் காசு புழங்கி, விற்று, கணக்கு முடிக்கும் வேலை ஏதாவது உண்டா? வெறும் பிசினஸ் பிளான் போட்டியோடு நின்றுவிடுகிறதா? இதைப் பையனே போய் விசாரிக்கட்டும். தொழில் செய்யப் போகிறவனுக்கு இதுகூட முடியாதா என்ன?

சின்னக் கல்லூரி பாதியில் மூடிவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். ஐந்தாண்டு சேர்க்கை எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆண்டுக்காண்டு குறைந்து, பட்டப்படிப்புகளும் ஒவ்வொன்றாக நின்றுவந்தால் யோசியுங்கள். இங்கே முடித்த பாடங்களை எந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.