பதில்: பிசிஆர் ‘இல்லை’ என்று வந்தும் பன்றிகள் சாகின்றன

குடியாத்தம் சகோ, காய்ச்சலோடு காது நீலம் பாரித்து மூன்று பன்றிகள் செத்தன, பன்றிக்காய்ச்சல் பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) ‘இல்லை’ என்கிறது, இனி பயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அது பழைய பன்றிக்காய்ச்சலுக்கான (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர், ஸ்வைன் ஃப்ளூ அல்ல) சோதனை; அதன் வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ, அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றித்தான் பெருக்குவார்கள். 2020இல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் டிஎன்ஏ வைரஸ், அதற்குப் பிரைமரே (எந்த வைரஸைத் தேட வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வேறு, அதனால் அந்தச் சோதனையில் இது தெரியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியைக் கால்நடை மருத்துவரே வந்து எடுக்கட்டும், நீங்கள் அறுக்காதீர்கள். உயிரோடிருப்பதில் இடிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) குழாயில் ரத்தம் (அதே வேலைக்கான ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும்), செத்ததில் மண்ணீரல். ஐஸ் பெட்டி கட்டாயம், வேலூர் வெயில் தெரியுமே. உறுதிசெய்வது போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகம். அதுவரை ஒரு குட்டியைக்கூட விற்காதீர்கள், பன்றிகளுக்கு ஹோட்டல் மிச்சமும் போடாதீர்கள், தயவுசெய்து.