ஜூலையில் டொரன்டோவில் இல்லாத நேரம்

கேள்வி: டொரன்டோவில் பழைய மாணவர் சங்கம் ஒன்றை நடத்துகிறோம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை இணையவழிக் கூட்டம் வைத்து, ‘காலை 10 மணி, இ.எஸ்.டி.’ என்று அழைப்பு அனுப்பினோம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் நேரத்துக்கு வந்தார்கள். மீதிப் பேர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் நண்பரோ, இங்கே வெள்ளிக்கிழமை இரவாக இருக்கும்போதே வந்து காத்திருந்துவிட்டுப் போனாராம். எங்கே தவறினோம்? எப்படிப் போட்டிருக்க வேண்டும்?

பதில்: தாமதமாக வந்தவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதை எழுதியபடியே படித்தவர்கள் அவர்கள்தான். நேரத்துக்கு வந்தவர்கள் உங்கள் மனத்தில் இருந்ததை ஊகித்துக்கொண்டவர்கள்.

வினை எல்லாம் நடுவில் நிற்கும் ‘எஸ்’ என்ற எழுத்தால் வந்தது. இ.எஸ்.டி. என்பது ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்’; தமிழில் கிழக்கத்திய நியம நேரம். ‘எஸ்’ அதில் ‘ஸ்டாண்டர்டு’, அதாவது நியமம். உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு 5 மணி நேரம் பின்னால் இருப்பது. டொரன்டோக் கடிகாரங்கள் இந்த நேரத்தைக் காட்டுவது நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைதான். மற்ற எட்டு மாதமும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்த பகலொளி நேரம் நடக்கிறது. அதன் சுருக்கம் இ.டி.டி. (‘ஈஸ்டர்ன் டேலைட் டைம்’); யு.டி.சி.க்கு 4 மணி நேரம் பின்னால். ஆக, ஜூலையில் டொரன்டோவில் இ.எஸ்.டி. என்று ஒரு நேரமே கிடையாது.

யாழ்ப்பாணத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 10 மணி இ.எஸ்.டி. என்றால் யு.டி.சி.யில் 15 மணி. அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 8.30. நீங்கள் நினைத்த 10 மணியோ யு.டி.சி.யில் 14, அங்கே இரவு 7.30. ஒரு மணி நேரம் போன இடம் இதுதான். நேரம் மாற்றித் தரும் செயலிகளிலும் சில எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன, சில ‘கிழக்கத்திய நேரத்தைத்தான் சொல்கிறார்’ என்று தாமாகவே திருத்திக்கொள்கின்றன.

மெல்போர்ன் நண்பரின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக்கும் ‘கிழக்கத்திய நியம நேரம்’ என்றுதான் பெயர். முன்னால் ‘ஏ’ சேர்த்து எழுதுவது முறை என்றாலும், அங்கே பலரும் பேச்சில் இ.எஸ்.டி. என்றே சொல்லிவிடுவார்கள். அவர் தம் ஊர்க் காலை 10 மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு அது வெள்ளி இரவு 8 மணி. அவர் மேல் என்ன குற்றம்?

எஸ்ஸை எடுத்துவிட்டு வெறுமனே ‘இ.டி.’ என்று போட்டால் கோடைக்கும் குளிருக்கும் பொருந்தும். அதற்குக் ‘கிழக்கத்திய நேரம், இன்றைக்குக் கடிகாரம் எதைக் காட்டுகிறதோ அது’ என்று பொருள். ஆங்கில அழைப்பிதழில் அதுவே போதும். தமிழில் எழுதும்போது நான் அதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கிலத்தின் D, T என்ற இரண்டு வெவ்வேறு எழுத்துகளும் நமக்கு ஒரே ‘டி’தான், இ.டி., இ.டி.டி. என்று அடுத்தடுத்து எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது ஒரு ‘டி’யை அடித்துவிடுவார்கள். ‘டொரன்டோ நேரம்’ என்று எழுதிவிடுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

ஊர்ப் பெயரைச் சொல்வது பாமரத்தனம் என்று எண்ண வேண்டாம். கணினிகளும் கைபேசிகளும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம் அப்படித்தான் அமைந்திருக்கிறது: ‘அமெரிக்கா/டொரன்டோ’, ‘அமெரிக்கா/நியூயார்க்’, ‘ஆசியா/கொழும்பு’. முன்னால் இருக்கும் ‘அமெரிக்கா’ நாடு அல்ல, கண்டம். அந்த ஊர்க் கடிகாரம் எப்போதெல்லாம் எப்படி மாறியது, இனி எப்போது மாறும் என்ற வரலாறு முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இ.எஸ்.டி. என்ற தனிப்பெயரும் பழைய வழக்கத்துக்காக அதில் உண்டு; ஆனால் 2024-இல் அதைப் பனாமா நேரத்துக்கான மாற்றுப்பெயராக ஆக்கிவிட்டார்கள். காரணம் எளிது: பனாமாவில் ஆண்டு முழுவதும் யு.டி.சி.க்கு 5 மணி நேரம் பின்னால்தான். ஜமைக்காவிலும் அப்படியே. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்திலேயே அடிகோகன் என்ற சிற்றூர் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அந்த ஊர்க்காரர் ஜூலையில் இ.எஸ்.டி. என்று எழுதினால் சரி. நீங்கள் எழுதினால் தவறு.

மாதாமாதம் கூட்டம் வைப்பதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். நாள்காட்டிச் செயலியில் நேர மண்டலத்தைக் கேட்கும் இடத்தில் டொரன்டோவைத் தேர்ந்தெடுங்கள்; ‘யு.டி.சி. கழித்தல் 5’ என்று எண்ணாகக் கொடுக்காதீர்கள். எண் அசையாது, ஊர் அசையும். அதே காலை 10 மணி, குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு இரவு 8.30 ஆகிவிடும். மெல்போர்னில் அப்போது கோடை. அங்கே கடிகாரம் எதிர்ப்பக்கம் நகர்ந்திருப்பதால், நள்ளிரவு 12 என்றிருந்தது அதிகாலை 2 ஆகும். அந்த நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

லண்டன், பாரிஸ்காரர்களுக்கும் ஆண்டில் சில வாரங்கள் கணக்கு பிசகும். அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நீங்கள் மார்ச்சில் முந்திக்கொள்கிறீர்கள், இலையுதிர் காலத்தில் பிந்துகிறீர்கள். இடைப்பட்ட நாள்களில் லண்டனோடு இருக்கும் 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகச் சுருங்கிவிடும்.

இ.எஸ்.டி.யா இ.டி.டி.யா என்று கட்டாயம் எழுத வேண்டிய ஒரே ஓர் இரவு உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்புகிறது, அன்றைக்கு 1.30 மணி இரண்டு தடவை வரும். இரவுப்பணிப் பதிவேட்டில் எந்த 1.30 என்று சுட்ட அந்த எழுத்துதான் உதவும். சங்கக் கூட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை.

ஒன்டாரியோ 2020-இல் பகலொளி நேரத்தையே நிரந்தரமாக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. கியூபெக்கும் நியூயார்க்கும் கூடவே மாறினால்தான் அது செயலுக்கு வரும் என்பது ஏற்பாடு. வந்துவிட்டால் எண்ணாகப் பதிந்து வைத்தவர்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஊராகப் பதிந்தவர்கள் செயலியைப் புதுப்பித்தால் போதும்.

உங்கள் அழைப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘சனிக்கிழமை காலை 10 மணி, டொரன்டோ நேரம். லண்டனில் பிற்பகல் 3, பாரிஸில் மாலை 4, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இரவு 7.30, சிங்கப்பூரில் இரவு 10, மெல்போர்னில் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு.’

கடைசி ஊருக்கு மட்டும் ‘12 மணி’ என்று போடாததைக் கவனித்தீர்களா? வெறும் 12 என்று போட்டால் உங்கள் நண்பர் சனிக்கிழமை நண்பகலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.