யுரேகாவா, ஆஸ்திரேலியா 108-ஆ? மெல்போர்ன் வரும் தம்பிக்கு

தம்பி, காலின்ஸ் ஸ்ட்ரீட்டில் வேலை கிடைத்து, மனைவியோடும் நாலு வயது மகளோடும் கோவையிலிருந்து வருவதாக எழுதியிருந்தீர்கள். சவுத்பேங்கில் யுரேகா டவரில் ஒரு வீடு, ஆஸ்திரேலியா 108-இல் ஒரு வீடு, வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான், எதை எடுக்கலாம், அம்மா மூன்று மாதம் வந்து தங்கச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் அதே சவுத்பேங்கில் வேறொரு டவரில், 34-ஆவது மாடியில் குடியிருந்தோம். நீங்கள் கேட்ட இரண்டு கட்டடத்திலும் எங்களுக்குச் சிநேகிதர்கள் உண்டு.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு யுரேகாதான்.

ஆஸ்திரேலியா 108 மட்டமில்லை. 2020-இல் முடிந்த கட்டடம், 100 மாடி, சுமார் 317 மீட்டர். முதலில் 388 மீட்டருக்குத் திட்டம் போட்டு, விமானப் பாதைக்கு இடைஞ்சல் என்று உயரத்தைக் குறைத்தார்கள். எழுபதாவது மாடிப் பக்கம் தங்க நிறத்தில் நட்சத்திரம் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்குமே, அங்கேதான் நீச்சல் குளம், ஜிம் எல்லாம். பிள்ளைகுட்டி இல்லாத ஜோடி என்றால் நானே அதை எடுக்கச் சொல்வேன். ஆனால் வீடுகள் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேல். யுரேகாவில் ஐந்நூற்றுச் சொச்சம்தான். காலையில் குழந்தையையும் ஸ்ட்ரோலரையும் வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு புரியும்.

யுரேகா 2006-இல் முடிந்தது, 91 மாடி, 297 மீட்டர். இரண்டையும் வரைந்தது ஃபெண்டர் கட்சாலிடிஸ் என்ற ஒரே நிறுவனம். யுரேகா என்பது 1854-இல் பல்லாரட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த கிளர்ச்சியின் பெயர். உச்சியில் தங்க முலாம் பூசிய கண்ணாடி அந்தத் தங்கத்துக்கு, சிவப்புக் கோடு அங்கே சிந்திய ரத்தத்துக்கு. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். யுரேகா யாரா ஆற்றுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பதால், நடைப்பாலம் தாண்டினால் ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட். காலின்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு நீங்கள் நடந்தே போய்விடலாம்.

உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பலத்த காற்றில் யுரேகாவின் உச்சி 60 சென்டிமீட்டர் வரை அசையும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் 90, 91-ஆவது மாடிகளில் 3 லட்சம் லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை, அப்படி அசையும்படிதான் கட்டுகிறார்கள். எங்கள் 34-ஆவது மாடியிலேயே காற்றடிக்கும் ராத்திரிகளில் சுவருக்குள் பழைய மரக்கட்டில் முனகுவது மாதிரி சத்தம் கேட்கும். என் பையன் தூங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்வான். சின்னக் குழந்தையோடு 20, 30-ஆவது மாடிக்குள் பாருங்கள்.

திசை விஷயத்தில் நம் ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இது தென்கோளம், சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். தெற்குப் பார்த்த வீட்டில் ஜூன், ஜூலையில் வெயில் உள்ளேயே வராது, துணி காயாது. மேற்குப் பார்த்த கண்ணாடி வீடு ஜனவரி சாயங்காலத்தில் அடுப்புதான். வடக்கோ கிழக்கோ கிடைத்தால் இரண்டு மாடி கீழே என்றாலும் எடுங்கள்.

அடுத்தது சமையல். எந்த டவருக்குப் போனாலும் இதை மறக்காதீர்கள். நாங்கள் வந்த மூன்றாம் மாதம், வத்தக்குழம்புக்குத் தாளிக்கும்போது மிளகாய் கருகிவிட்டது. புகை மண்டியதும் பதறிப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். வீட்டுக்குள் இருக்கும் அலாரம் நமக்கு மட்டும் கத்தும். காரிடாரில் இருக்கும் கருவிக்குப் புகை போனால் கட்டடம் முழுக்க மணி அடித்து, தீயணைப்பு வண்டியே வந்துவிடும். வந்தது. கைக்குழந்தைகளோடும் ராத்திரி உடுப்போடும் அத்தனை பேரும் படியிறங்கினார்கள். வண்டி வந்ததற்கான கட்டணம், எங்கள் ஒரு வார வாடகைக்கும் மேல், எங்கள் தலையில் விழுந்தது. புகை வந்தால் பால்கனிக் கதவைத்தான் திறக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது ரேஞ்ச்ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் கருவி, புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

மகளுக்குப் பக்கத்திலேயே சிட்டி ரோட்டில் பாய்ட் என்ற பழைய பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கிறது. இப்போது அதில் நூலகமும் குழந்தைகளுக்கான மையமும் நடக்கின்றன. ஃபெரர்ஸ் ஸ்ட்ரீட்டில் 2018-இல் திறந்த அரசுத் தொடக்கப் பள்ளி மாடி மாடியாக அமைந்தது. உங்கள் முகவரி எந்தப் பள்ளியின் எல்லையில் வருகிறது என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி. என் அம்மா வந்திருந்தபோது முதல் வாரமே கீழே காற்று வாங்கப் போனவர், ஒன்றரை மணி நேரம் லாபியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் ஃபாப் என்ற சின்ன மின்னணுச் சாவியைக் காட்டினால்தான் நம் மாடிப் பொத்தான் வேலை செய்யும், அது அவர் கையில் இல்லை. யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்து அவரை அங்கே பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உங்கள் அம்மா வருவதற்கு முன்பே அவருக்கென்று தனி ஃபாப் ஒன்று கட்டட அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் நீங்களே கூடப் போய், ஆற்றங்கரைக்கும் பாய்ட் நூலகத்துக்கும் போய்வரும் வழியைக் காட்டிக்கொடுங்கள்.