யார்கிட்ட சொன்னீங்க?

வணக்கம் அண்ணா,

எனக்கு 41 வயசு, கோயம்புத்தூர். முன்னாடி ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலை. 2015ல வைண்டிங் காப்பர் வயரை கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெளிய வித்தேன். ஸ்டாக் எடுக்கறப்ப கணக்கு ஒதச்சுது. பழி என்கூட ஷிப்ட் பாத்தவர் மேல விழுந்துச்சு, நான் வாயத் தொறக்கல. அவரை அனுப்பிட்டாங்க, சர்டிபிகேட் கூட குடுக்கல. அவர் பொண்ணு அப்ப ஒன்பதாவது படிச்சிட்டிருந்தா. இப்ப ஆட்டோ ஓட்டறாராம். நான் குடிய விட்டு ஆறு வருஷம் ஆச்சு, மாசாமாசம் அமாவாசைக்கு அன்னதானம் பண்றேன், தியான வகுப்புக்கு போறேன். ஆனாலும் தூக்கம் இல்ல. பழசைக் கிளறி அவரை மறுபடி நோகடிக்க வேண்டாம்னுதான் போய்ப் பாக்கல. என் பாவம் புள்ளைங்களுக்கு வருமா? இந்த குற்றவுணர்ச்சில இருந்து எப்படி வெளிய வர்றது? மனுஷன் நெஜமாவே மாற முடியுமா?

க.

அன்புள்ள க.,

குடிய விட்டது பெரிய விஷயம். ஆறு வருஷம் தொடாம இருக்கறதுக்கு என்ன பாடு படணும்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான், நேர்ல இருந்திருந்தா உங்க கையப் புடிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். பாவம் புள்ளைங்களுக்கு வருமான்னு கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல, விட்ருங்க. தியானம், அன்னதானம், அதெல்லாம் உங்க இஷ்டம்.

எனக்கு கோவம் வந்தது ஒரே ஒரு வரியிலதான். "பழசைக் கிளறி நோகடிக்க வேண்டாம்"னு எழுதியிருக்கீங்களே, அது யாருக்குங்க பழசு? செய்யாத திருட்டுக்கு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போன மனுஷன், சர்டிபிகேட் இல்லாததால இன்னொரு ஸ்டோர்ஸ் வாசல்ல போய் நிக்க முடியாத மனுஷன், அவருக்கு அது இன்னைக்கு காலைல நடந்தது மாதிரிதான் இருக்கும்.

கொஞ்ச நாளா அசோகர் கல்வெட்டுங்களைப் பத்தி படிச்சிட்டிருக்கேன், அதனாலதான் உங்க லெட்டர் இப்படி சுருக்குனு தைச்சுது. கலிங்கப் போர் நடந்தது கி.மு. 261 வாக்குல. அதுல ஒரு லட்சம் பேர் செத்தாங்க, ஒன்றரை லட்சம் பேர ஊரை விட்டு புடிச்சிட்டுப் போனோம், அதை நெனச்சா வருத்தமா இருக்குன்னு 13ஆவது பாறைக் கல்வெட்டுல அவரே சொல்றாரு. ஜெயிச்ச ராஜா தன்னோட ஜெயிப்புக்கு வருத்தப்பட்டு அதைக் கல்லுல வெட்டி வெச்சாருன்னு பள்ளிக்கூடத்துல நாம எல்லாரும் படிச்சோம். ஆனா அந்தக் கல்வெட்டு எங்கெங்க இருக்குன்னு யாரும் நமக்கு சொல்லல. குஜராத்துல கிர்நார்ல இருக்கு, டேராடூன் பக்கம் கால்சில இருக்கு, இன்னைக்கு பாகிஸ்தானா இருக்கற ஷாபாஸ்கர்ஹில இருக்கு, இந்தப் பக்கம் ஆந்திரால எர்ரகுடில இருக்கு. நம்ம சோழர், பாண்டியர் பேர்கூட அதுல வருது. ஆனா கலிங்கத்துல, அதாவது ஒடிசால தௌலி, ஜௌகடான்னு ரெண்டு எடத்துல பாறைல மத்த சாசனமெல்லாம் வரிசையா வெட்டியிருக்கு, 11, 12, 13 மட்டும் கிடையாது. அதுக்குப் பதிலா அதிகாரிங்களுக்குன்னு வேற ரெண்டு சாசனம், எல்லா மனுஷரும் என் புள்ளைங்கன்னு. செத்தவன் வீட்டு சனம் போய் வர்ற எடத்துல அந்த வருத்தம் இல்ல. கலிங்கத்தை திருப்பிக் குடுக்கவும் இல்ல.

ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம்னு விட்டிருப்பாருன்னு இதுக்கு விளக்கம் சொல்றவங்க உண்டு. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. புண்ணு யாருதோ அவங்கதான் அதைச் சொல்லணும், வெட்டுனவன் சொல்லக்கூடாது. உங்க லெட்டர்லயும் அதே விளக்கந்தான் இருக்கு. சாமிகிட்ட சொல்லிட்டீங்க, தியான வாத்தியார்கிட்ட சொல்லியிருப்பீங்க, முன்ன பின்ன தெரியாத எனக்கு எழுதிட்டீங்க. அவர் ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லல.

நான் சொல்லாம ஓடுனது பதினோரு வருஷம். 1992ல திருநெல்வேலில ஒரு பிரஸ்ல புரூஃப் பாத்துட்டிருந்தேன். அச்சு கோக்கறவரு அம்பது வயசைத் தாண்டுன அண்ணாச்சி, ஈயம் ஏறி வெரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும், சோறு சாப்புடறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் போட்டு கழுவிட்டு அப்புறம் சோப்பு போடுவாரு. ஒரு கல்யாணப் பத்திரிகைல ஆவணி 21ங்கறது 12ன்னு விழுந்துருச்சு. புரூஃப் பாத்து ஓகே போட்டு கையெழுத்து வெச்சது நான். 400 பத்திரிகை அடிச்சு முடிச்சாச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க வந்து சத்தம் போடறாங்க, முதலாளி புரூஃப் எங்கன்னு கேக்கறாரு. அது மடிச்சு என் சட்டைப் பையில இருக்கு. நான் திருத்திக் குடுத்தேன், அண்ணாச்சிதான் மாத்தலன்னு சொன்னேன். சாயங்காலம் பஸ் ஜன்னல் வழியா அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டேன். மறுநாள்ல இருந்து அண்ணாச்சி வரல.

2003ல தேடிக்கிட்டுப் போனேன். திண்ணைல உக்காந்திருந்தாரு, கண்ணு ரொம்ப மங்கிப் போச்சு, என்னை குரலை வெச்சுதான் கண்டுபுடிச்சாரு. நான் அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னேன். அவர் அசையாம கேட்டுட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்லா தம்பி. எம்பையந்தான் நம்பல. ஒமக்கு கண்ணு போச்சுப்பா, இனி எந்தப் பிரஸ்ஸுக்கும் போவாண்டாம்னு உக்கார வச்சுட்டான். அவன் வாரட்டும், அவங்கிட்ட சொல்லிட்டுப் போ"ன்னாரு.

ராத்திரி எட்டரை வரைக்கும் அங்கயே இருந்தேன். பையன் வந்தாரு, ஹெல்மெட்டை கைல புடிச்சுட்டு நின்னபடியே கேட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அப்பா பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அப்பவே எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா"ன்னாரு. அண்ணாச்சி, "சொன்னேன்லா"ன்னாரு.

மன்னிச்சுட்டோம்னு ரெண்டு பேரும் சொல்லல, நானும் கேக்கல. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு நிம்மதியெல்லாம் வரலங்க, அந்த "சொன்னேன்லா"தான் காதுலயே இருந்துச்சு, இப்பவும் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் என் வேலைல தப்பு நடக்கறப்ப "நான்தான்"னு வாய் தானா முந்திக்குது. மனுஷன் மாற முடியுமான்னு கேட்டீங்களே, எனக்குத் தெரிஞ்ச மாற்றம் இவ்வளவுதான், இதுக்கும் அந்தத் திண்ணைக்குப் போக வேண்டியிருந்துச்சு.

நீங்க போகணும். கேஸ் ஆகுமோன்னு பயமா இருந்தா மொதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க, ஆனா அதையே சாக்கா வெச்சு ஒரு வருஷம் தள்ளாதீங்க. எடுத்தது நான்தான்னு கம்பெனிக்கு எழுத்துல குடுங்க, அவர் சர்டிபிகேட்டுக்கு அது ஒண்ணுதான் வழி. அவரை ஆட்டோ ஸ்டாண்டுல போய் ஓரமா கூப்ட்டு சொல்லிட்டு வந்துராதீங்க, வீட்டுக்குப் போங்க. ஒன்பதாவது படிச்ச அந்தப் பொண்ணுக்கு இப்ப இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். அது வீட்ல இருக்கற நேரமா பாத்துப் போங்க.